பல் வைத்த நண்டு வண்டி

ஆவடி குவார்ட்டர்ஸில் ஷர்மிளாவைத் தெரியாதவர்கள் குறைவு. பல்லுக்காகத் தெரிந்தவர்கள் பாதி, அரைக்கிறுக்கு என்று தெரிந்தவர்கள் மீதி. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பல் லேபில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கெல்லாம் பல்செட் செய்துகொடுப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, குக்கரை வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் பழைய காலண்டர் தாளை விரித்துப் பொம்மைக் கார் கட்ட உட்கார்ந்துவிடுவாள். மறுபாதியில் கணவன் பாண்டியன் சாப்பிட்டுக்கொள்ளலாம், குழம்பு தெறிக்காமல்.

ஒழுங்கான கார்களாகக் கட்டியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆரம்பமே கோணல். நாத்தனார் சுதாவின் மகளுக்குப் பிறந்தநாள் வந்தபோது, ஆன்லைன் தள்ளுபடியில் படத்தைச் சரியாகப் பார்க்காமல் ஒரு கார் கிட்டை வரவழைத்தாள் ஷர்மிளா. விழாவில் பிரித்துப் பார்த்தால், அட்டைப்பெட்டியின் மேல் சவப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த ஒரு கார், புகை கக்கிக்கொண்டு பறந்தது.

"ஏன் மதினி, பொறந்தநாளுக்குப் பொணப்பெட்டியா? அடுத்த வருசம் சங்கு ஊதுற ஆளையும் கூட்டிட்டு வந்துருங்க" என்றாள் சுதா, கேக்கை வெட்டிய கத்தியைக் கீழே வைக்காமலே.

பெட்டி திரும்பி வந்தது. சரி, உள்ளேதான் என்ன இருக்கிறது என்று ஷர்மிளா திறந்தாள். பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்த சின்னச் சின்ன பாகங்கள், பசை, தாளில் அச்சிட்ட படங்கள். பருப்பு தீய்ந்த வாசனை சமையலறையிலிருந்து கிளம்பியபோது அவள் சவப்பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு விழுந்தவள்தான், எழுந்திருக்கவேயில்லை.

அதற்குப் பிறகு குளியல்தொட்டிக் கார் வந்தது. பூட்ஸ் வடிவக் கார், டெலிபோன் வடிவக் கார், பேய்ப்படத்தில் வௌவால் இறக்கையோடு வரும் கறுப்புக் கார், உளவாளிப் படத்தில் சீட்டோடு ஆளைத் தூக்கி எறியும் வெள்ளிக் கார் என்று வரிசையாக வந்தன. கம்பெனிக்காரன் கொடுத்த ஏரியல் மொண்ணையாக இருக்கிறது என்று பிடுங்கிப் போட்டுவிட்டுப் பல் கட்டும் கம்பியில் புதிதாகச் செய்வாள். சீட்டுக்கு ஈறு செய்யும் ரோஸ் அக்ரிலிக். பாண்டியன் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். வீட்டில் சோப்புப்பெட்டி அளவுக் காருக்கு எஞ்சின் பொருத்த மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்டாட்டியைப் பார்த்து, "ஷர்மி, சர்வீசுக்கு எப்ப விடணும்?" என்று கேட்பான். அவள் பதில் சொல்ல மாட்டாள். மூச்சு விட்டால் டயர் பறந்துவிடும்.

கட்டி முடித்தவை கண்ணாடி அலமாரிக்குள் போகும். சாவி அவள் தாலிச் செயினில். ஒருமுறை பாண்டியன் நல்லெண்ணத்தில் அலமாரியைத் துடைக்கப்போய் உளவாளிக் காரின் வைப்பரை ஒடித்துவிட்டான். அந்த மாதம் முழுக்க அவனுக்கு ரசமும் அப்பளமும்தான். அதிலிருந்து அலமாரிக்கு எதிரே தும்முவதைக்கூட அவன் விட்டுவிட்டான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது பூந்தமல்லி யூசுப் லேபுக்கு வந்தான். சினிமாவில் ஆர்ட் டைரக்டரிடம் உதவியாளன். அத்தாவின் பல்செட்டை வாங்க வந்தவன், பெயின்ட் அடிப்பதற்காக ஷர்மிளா மேசையில் வைத்திருந்த டெலிபோன் காரைப் பார்த்துவிட்டு அத்தாவின் பல்லை மறந்துபோனான்.

"யக்கா, இத்த யாரு செஞ்சது?"

"நான்தான்."

"டூப்பு வுடாதக்கா. சோக்கா கீது!"

அவன் வேலை செய்த படத்தில் நாயகன் நண்டு வறுவல் கடைக்காரன். அவனுக்கு நண்டு வடிவத்தில் ஒரு கார். பழைய அம்பாசடர் ஒன்றின் மேல் தகரத்தைப் போர்த்தி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் அதைச் செய்து வைத்திருந்தார்கள். அதே காரைச் சின்னதாக, ஆட்டுக்குட்டி அளவில் இன்னொன்று செய்துதர முடியுமா என்றான் யூசுப். "கிளைமாக்ஸே இத்த வெச்சுத்தான்க்கா" என்றான். கிளைமாக்ஸில் அதற்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை. பெரிய திரையில் தன் கார் வரப்போகிறது என்று காது அடைத்துப்போயிருந்தது.

ஷெட்டுக்குப் போய் அளவெடுத்தாள். நிஜ நண்டு வண்டி பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. கொடுக்கு இரண்டும் முறம் மாதிரி. இதைச் சின்னதாக்கினால் அசிங்கமும் சின்னதாகும், அவ்வளவுதான் என்று முடிவு கட்டித் தன் இஷ்டத்துக்கு இறங்கினாள். வெந்த நண்டின் நிறத்துக்கு ஈறு அக்ரிலிக்கோடு கொஞ்சம் சிவப்பு சேர்த்தாள். கொடுக்குகள் திறந்து மூடுகிற மாதிரி கீல் வைத்தாள். முன்பக்க கிரில்லுக்குக் கம்பி வைத்துப் பார்த்தாள், சப்பென்று இருந்தது. லேபில் நிறம் சேராமல் ஒதுக்கிய பல்லையெல்லாம் பொறுக்கிவந்து இரண்டு வரிசையாகப் பதித்தாள். வண்டி இளித்தது. இதுவரை கட்டியதெல்லாம் யாரோ வார்த்து அனுப்பியதை ஒட்டியது. இது தலை முதல் கால் வரை அவளுடையது. உள்ளே டிரைவர் சீட்டுக்கு எதிரே மிளகளவில் ஓர் எலுமிச்சம்பழமும் நூலளவில் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாள்.

பாண்டியன் சோற்றைப் பிசைந்தபடி நெடுநேரம் பார்த்தான். "எங்க ஜி.எம். மாதிரியே சிரிக்குது" என்றான். அவன் வாயிலிருந்து வந்த உச்சக்கட்டப் பாராட்டு அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குத்தம்பாக்கம் தாண்டி ஒரு பொட்டலில் படப்பிடிப்பு. ஷர்மிளா வண்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாண்டியனின் விலாவில் ஒரு குத்து விழுந்தது. மாட்டுவண்டி வேகத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஜல்லியைக் குவித்து ஒரு மலை செய்திருந்தார்கள். மலையடிவாரத்தில் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து கறுப்பு மருந்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அவரு என்ன பண்றாரு?" என்றாள் ஷர்மிளா.

யூசுப் தலையைச் சொறிந்தான். "அது வந்துக்கா... வண்டி மலைலேர்ந்து உருண்டு வந்து..."

"வந்து?"

"வெடிக்கும்க்கா."

ஷர்மிளா துண்டை இழுத்து நண்டைப் போர்த்தினாள். "ஏங்க, பைக்க எடுங்க."

டைரக்டர் ரோஹித் ஓடிவந்தார். அவருக்கு முதல் படம். நிஜ வண்டியை வெடிக்கவைக்கத் தயாரிப்பாளர் விட மாட்டார் என்றும், அதில்தான் தன் மச்சான் மாப்பிள்ளை ஊர்வலம் போக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார் என்றும் கிட்டத்தட்ட அழுதார். பாண்டியன் பைக்கை விட்டு இறங்கவில்லை. "சார், வைப்பர் ஒடிஞ்சதுக்கே ஒரு மாசம் நான் ரசம் குடிச்சவன். நீங்க வெடியே வைக்கிறீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன், விட்டுருங்க" என்றான்.

வேறு வழியில்லாமல் யூசுப் ஒரு மாற்று ஏற்பாடு செய்தான். கடையில் வாங்கிய ரிமோட் கார் ஒன்று வேனில் கிடந்தது. அதற்கு அவசர அவசரமாகச் சிவப்பு அடித்து, அட்டையில் கொடுக்கு வெட்டி ஒட்டினார்கள். மலை மேலிருந்து உருட்டிவிட்டார்கள். பாதி வழியில் ஒரு கொடுக்கு கழன்றது. அடிவாரத்தில் மழையில் நனைந்த சரவெடி மாதிரி 'புஸ்' என்று ஒரு சத்தம். புகை விலகியபோது கார் மல்லாந்து கிடந்தது, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

டீ கொடுப்பவர்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இதையா படத்துல காட்டுவீங்க?" என்றாள் ஷர்மிளா.

"வேற இன்னாக்கா பண்றது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் இந்த அவலட்சணம் உருண்டுவரும். குவார்ட்டர்ஸ் முழுக்க அவள்தான் செய்தாள் என்று நினைக்கும். சுதா குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து விசாரிப்பாள். துண்டுக்குள் நண்டு இளித்துக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நேராக மலையடிவாரத்துக்குப் போனாள்.

"மருந்து எங்க வைப்பீங்க?"

"அடியிலம்மா" என்றான் மருந்துக்காரன்.

"முன்னாடியும் வைங்க, பல்லுக்குப் பின்னால. பட்டன நான்தான் அமுக்குவேன்."

மருந்துக்காரன் டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் வானத்தைப் பார்த்தார். பாண்டியன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

நண்டு அழகாக உருண்டு வந்தது. ஒரு குலுங்கல் இல்லை, ஒரு ஆணி கழலவில்லை. கொடுக்கு இரண்டும் திறந்து மூடின. அடிவாரத்தைத் தொட்டதும் ஷர்மிளா கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

சத்தத்தில் பொட்டலில் மேய்ந்த மாடுகள் திசைக்கொன்றாக ஓடின. சிவப்பும் நெருப்புமாக ஒரு பூ விரிந்தது. பிறகு பல் மழை. முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் எல்லாம் சடசடவென்று விழுந்தன. ஒன்று டைரக்டரின் டீ தம்ளரில் விழுந்தது. ஒரு கொடுக்கு சுழன்றுவந்து பாண்டியனின் ஹெல்மெட்டில் 'ணங்'கென்று மோதியது.

கண்ணைத் திறந்த ஷர்மிளா அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜல்லியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நின்றதும், தம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்த ரோஹித்தைப் பார்த்து, "இன்னொரு டேக் இருக்கா சார்?" என்றாள்.

படம் ஓடவில்லை. பூந்தமல்லியில் வெள்ளிக்கிழமை போட்டு, திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல் பறக்கும் காட்சிக்கு மட்டும் அரங்கத்தில் இருந்த கொஞ்சநஞ்சப் பேரும் விசிலடித்தார்கள். கடைசியில் ஓடிய பெயர்களில் 'திரு. ஷர்மிளன்' என்று வந்தது. சுதா அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டு, 'ஷர்மிளன் அண்ணனுக்கு' வாழ்த்துச் சொன்னாள்.

இப்போது யூசுப் மாதத்துக்கு ஒருமுறையாவது போன் செய்கிறான். ஒரு வெப் சீரிஸுக்காகப் பூசணிக்காய் வடிவ ஆட்டோ ஒன்று சாப்பாட்டு மேசையில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது ரயிலில் அடிபட்டுச் சிதற வேண்டுமாம். சிதறும்போது விதை பறக்க வேண்டும் என்பது ஷர்மிளாவின் யோசனை. வெயிலில் காயவைத்த விதை ஜன்னலோரம் முறத்தில் கிடக்கிறது.

"இந்தத் தடவ பட்டன நான் அமுக்குறேனே, ஷர்மி" என்று பாண்டியன் கெஞ்சிப் பார்த்தான்.

"நீங்க போயி உங்க டாங்கிய அமுக்குங்க. அந்தத் தட்ட அப்படித் தள்ளி வைங்க, பெயின்ட் காயல" என்றாள் அவள்.