பார்மலினுக்குத் தப்பிய பாசி

எங்கள் தாவரவியல் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாசலைத் தாண்டி வருவது எதுவானாலும் நேராக பார்மலின் பாட்டிலுக்குள் போய்விடும். பூவோ, காளானோ, நோய் பிடித்த திராட்சை இலையோ, தப்பிக்க வழியே கிடையாது. மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதெல்லாம் அப்படிச் செத்து, சீவப்பட்டு, சிவப்புச் சாயம் குடித்தவைதான். சாயம் ஏற்றினால் செல்லுக்குள் இருப்பது பளிச்சென்று தெரியும். ஆனால் உயிர் இருக்காது. இதற்குப் பெயர் உயிரியல்!

கடைசி வருட மாணவி ஒருத்தியின் அப்பா கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறார். விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களைக் கேரளாவுக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவார். மகளுக்கு மதுரையில் எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. அவரோ தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்துவிட்டார். அவளுடைய ஆசிரியை என்ற உரிமையில் நான் போனில் பேசிப் பார்த்தேன்.

"மூணு வருசமாச் செத்த எலையப் பாத்துச்சு. இன்னும் ரெண்டு வருசம் பாக்கணுமாக்கும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாளைக்கு வாங்க, உயிரோட காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம், கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப். நிறமே இல்லாத செல்லைக்கூடச் சாயமில்லாமல், வெளிச்சமும் நிழலுமாகப் பிரித்துக் காட்டிவிடும். வாய்க்காலிலிருந்து வேலம்பாசி என்கிற நீர்ச்செடியை எடுத்துவரச் செய்து, ஜன்னலோரம் ஒரு தொட்டியில் மிதக்க விட்டுப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் ஜீப்காரர் வந்து நிற்கும்போது பார்த்தால், தொட்டி காலி. பாசி மொத்தமும் பார்மலின் பாட்டிலுக்குள், லேபிள் ஒட்டி, அழகாக நின்றுகொண்டிருந்தது.

"அழுகிப் போயிரக் கூடாதுன்னு பத்திரமாப் போட்டு வச்சேன் மேடம்" என்றார் லேப் அட்டெண்டர்.

வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டேன். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. லேபிளில் தாவரவியல் பெயர்கூட எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது.

ஜீப்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "இதத்தான மேடம் நானும் சொன்னேன்?" என்று சிரித்தார். கூட நின்ற மகளின் முகம் வாடிவிட்டது. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். "வண்டிய எடுங்கப்பா, வாய்க்காலுக்குப் போயிட்டு வந்துருவோம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தோட்டத்திலிருந்து வீடு திரும்ப ஜீப்பில் காத்திருந்த பெண்களும் வேறு வழியில்லாமல் கூடவே போனார்கள்.

மாட்டுக்குப் போடுகிற அளவுக்குப் பாசி வந்து சேர்ந்தது. முதலில் ஓர் இலையை ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். "எலதான்" என்றார். அதற்குமேல் பாராட்டில்லை. கண்ணாடி வைத்த பழைய மைக்ரோஸ்கோப்புக்கு வெயில் வேண்டும், சூரியனோ மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கடைசியாகப் புதியதில் வைத்தேன். செங்கல் அடுக்கியது போலச் செல்கள், உள்ளே பச்சை மணிகள். உயிர் இருந்தால் அந்த மணிகள் ஓடும் என்று சொல்லிவைத்தேன்.

"எல்லாம் நிக்குதே மேடம்?" என்றார் ஜீப்காரர்.

நின்றுதான் கிடந்தன. வாய்க்கால் தண்ணீரின் குளிர்ச்சி போனால்தான் செல்லுக்குள் ஓட்டம் பிடிக்கும். விளக்கைக் கூட்டி வைத்தேன். அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி குனிந்தவர் நிமிரவேயில்லை.

"ஏ ஆத்தா! ஓடுது... எல்லாம் வரிசையா ஓரத்தப் புடிச்சே சுத்துது. ஒன்னுகூட ஓவர்டேக் பண்ணலயே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீழே ஜீப்பிலிருந்த பெண்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள். அவருக்குக் காதில் விழவில்லை. "மதுரையில இதவிடப் பெரிய மிசினு இருக்குமா மேடம்?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். மறுபடியும் ஹாரன். எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சத்த இருங்கத்தா! எம் மக மதுரைக்குப் படிக்கப் போகுது, அதப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்ல!"

மகளுக்கே அப்போதுதான் தெரியும். சட்டென்று மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகொண்டாள். கண் நிறையத் தண்ணீரோடு அதில் ஒன்றும் தெரியாது. தெரிகிற மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.