மூன்று நாள் விற்காத பங்கு

பிரிஜட் பங்கு விலை எழுதுகிறவர். 1972இல் ராபின்சன் சாலையில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. படிப்பு உயர்நிலை நான்கோடு, அதாவது பத்தாம் வகுப்போடு சரி. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். பங்குச் சந்தையிலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல, சுவர் நீளத்துக்கு இருந்த வெள்ளைப் பலகையில் எழுதுவார். ஒவ்வொரு பங்குக்கும் மூன்று கட்டம்: வாங்குகிறவர் கேட்கும் விலை, விற்கிறவர் சொல்லும் விலை, கடைசியாகக் கைமாறிய விலை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதலீட்டாளர்கள் ஒரு சென்ட் பிசகினாலும் கத்திவிடுவார்கள். பதின்மூன்று வருடத்தில் இரண்டு முறை கத்தியிருக்கிறார்கள். இரண்டு முறையும் பிரிஜட் எழுதியதுதான் சரி.

அலுவலகத்தில் யாரும் அவரிடம் கருத்துக் கேட்டதில்லை. எழுதத்தானே வைத்திருக்கிறோம் என்பார் மேனேஜர்.

ஆங் மோ கியோவில் பிரிஜட் வீட்டுக்கு இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளி லாசரஸ் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையை நம்பி அதன் பங்குகளை வாங்கியிருந்தார். 1983 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த அறிக்கையில் இருந்த ஒப்பந்தங்களில் பாதி கிடையவே கிடையாது என்ற செய்தி வெளியானது. வெள்ளிக்கிழமை பங்கு தரைதட்டியது. நாற்பத்தொரு சிறு முதலீட்டாளர்கள் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து லாசரஸ் பெயரில் வழக்குப் போட்டார்கள்.

விசாரணை 1985இல் வந்தது. கம்பெனி லண்டனிலிருந்து ஒரு பொருளாதாரப் பேராசிரியரைக் கூட்டி வந்தது. அவர் அறிக்கை சொன்னது இதுதான்: பொய் வெளியானது செவ்வாய்க்கிழமை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் பங்கு விலை இரண்டு வெள்ளி நாற்பது காசிலேயே, அதாவது 2.40 டாலரிலேயே நின்றது. ஆகவே அந்தச் செய்தியைச் சந்தை பொருட்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை மொத்தச் சந்தையும் விழுந்தது, அதில் இதுவும் விழுந்தது. பொய்க்கும் நஷ்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஓஃபியர் சாலை லூர்து மாதா கோயில் வாசலில் லாசரஸ் அந்த அறிக்கையை பிரிஜட்டிடம் காட்டினார். பிரிஜட் அதிலிருந்த விலை அட்டவணையை ஒருமுறை பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அந்த மூணு நாளும் ஒருத்தரும் வாங்கல அங்கிள். ரெண்டு நாப்பதுங்கிறது திங்கக்கிழம விலை. விக்கலன்னா பேப்பர்ல பழைய விலையவே திரும்பப் போடுவாங்க. புரொபசர் அதப் பாத்து ஏமாந்துட்டாரு லா."

"இத கோர்ட்டுல வந்து சொல்லுவியாம்மா?"

பார்க்கிறேன் என்றார் பிரிஜட். அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் அவருடைய அலுவலகத்தின் வாடிக்கையாளர்கள். மறுநாள் மேனேஜருக்கு விஷயம் எட்டியது. சாட்சிக் கூண்டில் ஏறினால் பலகைக்குத் திரும்பி வர வேண்டாம் என்று மெதுவான குரலில் சொன்னார். மதியம் பிரிஜட் விடுப்புப் படிவத்தை நிரப்பி அவர் மேசையில் வைத்தார். காரணம் என்ற இடத்தில் 'நீதிமன்றம்' என்று எழுதியிருந்தார்.

பிரிஜட்டுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் ஒரு சொல் தடுமாறினாலும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும் என்று நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லாசரஸின் வழக்கறிஞர் சுந்தரம் எடுத்த எடுப்பிலேயே, விலை ஏன் விழுந்தது என்று கேட்டார். அங்கேதான் சறுக்கியது. கம்பெனி வழக்கறிஞர் எழுந்தார். கருத்துச் சொல்ல நிபுணருக்கு மட்டுமே உரிமை உண்டு, இந்தப் பெண் பலகையில் எழுதுகிறவர், இவருக்குப் பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை என்றார். நீதிபதி ஒப்புக்கொண்டார். காரணம் பற்றி இவர் பேசக் கூடாது.

சுந்தரம் குறிப்புத் தாளைப் புரட்டி அடுத்த கேள்வியைத் தேடினார். லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தொரு பேருக்கும் கதவு சாத்தப்பட்ட மாதிரி ஒரு நிமிடம்.

கூண்டிலிருந்து பிரிஜட்டே கேட்டார். "ஏன் விழுந்துச்சுன்னு சொல்லல ஐயா. நான் என்ன எழுதினேன்னு சொல்லலாமா?"

அதைத் தாராளமாகச் சொல்லலாம் என்றார் நீதிபதி.

பலகையைத் துடைக்கும் முன் தினமும் அதை ஒரு தாளில் நகல் எடுத்துக் கையெழுத்திடுவது பிரிஜட்டின் வேலை. நீதிமன்ற உத்தரவின் பேரில் அலுவலகம் அந்தத் தாள்களைக் கொடுத்திருந்தது. செவ்வாய், புதன், வியாழன். மூன்றிலும் மூன்றாவது கட்டத்தில் விலை இல்லை, வெறும் கோடு.

"கோடு போட்டா அன்னிக்கு யாரும் கைமாத்தலன்னு அர்த்தம். வாங்குற கட்டம் மூணு நாளும் காலி. விக்கிறவங்க ரெண்டு நாப்பதுல ஆரம்பிச்சு ஒன்னு பத்து வரைக்கும் எறங்கி வந்தாங்க. அப்பவும் ஆளில்ல. வெள்ளிக்கிழம தொண்ணூத்தஞ்சு காசுக்குத்தான் முதல் ஆள் வந்தாரு."

குறுக்கு விசாரணையில் கம்பெனி வழக்கறிஞருக்குக் கோபம் முந்திக்கொண்டது. அப்படியானால் செய்திக்குப் பயந்துதான் யாரும் வாங்கவில்லை என்பது உங்கள் கருத்தா என்று கேட்டுவிட்டார்.

"கருத்து சொல்ல எனக்கு உரிமையில்லன்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா? எனக்கு எழுதத்தான் தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மன்றத்திலேயே குறைவாகப் படித்தவர் ஒரு வார்த்தைகூட மிகையாகப் பேசவில்லை.

நீதிபதி பேராசிரியரை மறுபடி கூப்பிட்டார். அந்த மூன்று நாளும் விற்பனை நடந்ததா என்று பார்த்தீர்களா? பேராசிரியர் நேர்மையான மனிதர். பத்திரிகையில் வந்த விலையை மட்டும்தான் எடுத்தேன், விற்பனையைப் பார்க்கவில்லை என்றார். நடக்காத விற்பனையின் விலைமேல் கட்டிய கருத்தை ஏற்க முடியாது என்று சொல்லி, நீதிபதி அந்த அறிக்கையை ஒதுக்கினார். பத்தே நாளில் கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

பிரிஜட் சாட்சி சொன்ன மறுநாளே வழக்கமான நேரத்துக்கு அலுவலகம் போனார். வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்தியதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வேலையில் இருக்கலாம் என்றார் மேனேஜர். கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார், கையெழுத்து மட்டும் பாக்கி. பிரிஜட் அன்று அவரிடமும் தமிழிலேயே பேசினார். பக்கத்து மேசை ஹலீமாதான் தமிழ் தெரியாத மேனேஜருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"நான் எழுதினதுல எந்த வெல தப்புன்னு காட்டச் சொல்லு. காட்டினா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

மேனேஜர் தாள்களைப் புரட்டவில்லை, கடிதத்தையும் நீட்டவில்லை. எதிரே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த முதலீட்டாளர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரைக்குப் பங்குச் சந்தையிலிருந்து தொலைபேசி மணி அடித்தது. பிரிஜட் மார்க்கரின் மூடியைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.