கல்வராயன் மலைக்கு ஒரு டப்பா குளவி

கோடை மழை பெய்துவிட்டது, அருவியில் தண்ணீர் இருக்கும், பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் கூட்டம் இருக்காது. இந்த ஜூன் தொடக்கத்தில் நான் தனியாகக் கல்வராயன் மலைக்குக் கிளம்பியதற்கு இதுதான் காரணம். இரண்டு குடும்பங்களின் சண்டைக்கு நடுவே தூது போகப்போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பியிருப்பேன்.

சென்னையில் காலை ஆறு மணி பஸ் பிடித்தால் பதினொன்றரைக்குள் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு, அரைமணி நேரப் பயணம். என்னோடு வேலை பார்க்கும் கலாவின் அண்ணன் தண்டபாணி அங்கே மரவள்ளி பயிரிடுகிறார். "அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மலை ஏறு" என்று கலா சொல்லியிருந்தாள். சாம்பாரும் கருவாட்டுத் தொக்குமாக வயிறு முட்டச் சாப்பிட்டேன். கை கழுவி வந்ததும் அவர் ஒரு பெரிய ஊறுகாய் டப்பாவை என் முன்னால் வைத்தார். மூடிக்குப் பதில் வெள்ளை வேட்டித் துணி போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தது.

"மேல தான போற? இத சின்னசாமிகிட்ட குடுத்துடும்மா."

"என்னண்ணே, மாங்காயா?"

"குளவி."

டப்பாவை எடுத்த வேகத்தில் கீழே வைத்தேன். அவர் சிரித்தார். "கொட்டாதும்மா. கொட்றதுக்கு அதுக்கு சைஸு பத்தாது."

உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எள்ளில் பாதி இருக்கும் கறுப்புப் பூச்சிகள், துணிக்கு அடியில் நடந்துகொண்டிருந்தன. உள்ளே ஒரு காகிதத்தில் தேன் தடவியிருந்தது. வழிச் சாப்பாடாம்.

கதை இதுதான். மரவள்ளிக்கு விதை கிடையாது, குச்சியை வெட்டித்தான் நட வேண்டும். ஒவ்வொரு தையிலும் தண்டபாணி தன் தோட்டத்துக் குச்சிகளை வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் நண்பர் சின்னசாமிக்கு அனுப்புவார். வைகாசியில் மலையிலிருந்து பலாப்பழம் இறங்கும். இருவரின் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். இந்தத் தையில் குச்சியோடு மாவுப்பூச்சியும் ஏறிப் போய்விட்டது. வெள்ளை வெள்ளையாகச் செடியின் நுனியில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி அது. நுனி கோஸ் மாதிரி சுருண்டுகொள்ளும், கிழங்கு பருக்காது. சின்னசாமிக்கு அந்தக் கிழங்குதான் வருஷத்துச் சாப்பாடு.

"வேணும்னா குடுத்தன்? அப்ப எங்கண்ணுக்கே தெரியல. போன் போட்டா எடுக்க மாட்டன்றான். வைகாசி முடியப்போவுது, ஒரு பழம் வரல" என்றார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பழத்துக்காக யாரும் இப்படிக் கலங்க மாட்டார்கள்.

அவர் தோட்டத்திலும் அதே பூச்சிதான். ஆனால் பக்கத்து ஊரில் வேளாண்மைத் துறையினர் விட்ட குளவி தானாகத் தேடி வந்துவிட்டது. எப்படித் தேடும் என்பதுதான் என்னை அசர வைத்தது. மாவுப்பூச்சி சாறு உறிஞ்ச ஆரம்பித்ததும் செடியின் வாசனை மாறிவிடுகிறது. நம் மூக்குக்கு எட்டாத வாசனை அது. பூச்சி உட்காராத இலைகளிலிருந்துகூட வரும். குளவி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும். உள்ளே குளவி வளர, பழுப்பாக உப்பிச் செத்துக் கிடந்த மாவுப்பூச்சிகளின் கூடுகளை அவர் காட்டினார். அப்படிப்பட்ட நுனிகளைப் பறித்து டப்பாவில் போட்டு வைத்துப் பிடித்தவைதான் இவை. நோய் வந்த நுனி என்று கிள்ளி எரித்தால் குளவியும் சேர்ந்து எரிந்துவிடும். முதலில் இரண்டு கூடை எரித்துவிட்டு அப்புறம்தான் தெரிந்துகொண்டாராம்.

வெள்ளிமலை பஸ் கோமுகி அணையைத் தாண்டியதும் வளைந்து வளைந்து ஏறுகிறது. வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். எனக்கு வாந்தி வரவில்லை, கவலைதான் வந்தது. டப்பாவை வெயில் படாமல் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா கைக்குழந்தை என்று நினைத்து, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டார்.

தண்டபாணி சொன்ன நிறுத்தத்தில் இறங்கி, மண் பாதையில் பத்து நிமிஷம் நடந்தேன். சின்னசாமி முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். மருந்து கலந்து முடித்துவிட்டார். மருந்தடித்தால் மாவுப்பூச்சி சாகிறதோ இல்லையோ, குளவி செத்துவிடும்.

யார் அனுப்பியது என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "ஒரு பூச்சிய அனுப்பினான், தோட்டம் போச்சு. இப்ப இன்னொரு பூச்சியா? எடுத்துக்கினு போம்மா."

நான் விடுகிற ஆள் இல்லை. பஸ் வளைவுகளில் காப்பாற்றி வந்த குளவியாயிற்றே. "இன்னைக்கு ஒருநாள் மருந்து அடிக்காதீங்கண்ணே. நாளைக்கு நானும் வந்து கூட இருந்து பார்க்கிறேன்" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி பொன்னம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"மூணு வாட்டி அடிச்ச. போச்சா? உனுக்குத் தலைசுத்தல் வந்ததுதான் மிச்சம். ஒருநா பொறு."

அந்த வீட்டில் யார் பேச்சு செல்லும் என்று அப்போது புரிந்தது. ஸ்பிரேயர் இறங்கியது.

பூச்சி இல்லாத வரிசைக்கும் நுனி சுருண்ட வரிசைக்கும் நடுவில் நின்று துணியைக் கழற்றினேன். ஏதாவது பிரமாதமாக நடக்கும் என்று எதிர்பார்த்தேன். எல்லாம் பறந்தன, ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"எங்க போச்சு?" என்றார் சின்னசாமி.

"வேலைக்குப் போயிருக்கு" என்றேன் தைரியமாக. உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான்.

அன்று சாயங்காலம் பெரியார் அருவியில் குளித்தேன். தண்ணீர் கொட்டியது, ஆனால் மனசெல்லாம் அந்தத் தோட்டத்தில்தான். வெள்ளிமலையில் அறை எடுத்துத் தங்கி, காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு போனேன். சின்னசாமி எனக்கு முன்னாலேயே சுருண்ட வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்துக் கூப்பிட்டார். ஒரு நுனியில் கறுப்பாக இரண்டு குளவிகள், மாவுப்பூச்சியை மீசையால் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தன. அடுத்த செடியிலும் ஒன்று. பூச்சி இல்லாத வரிசையில் பொன்னம்மாவும் சேர்ந்து மூவருமாகத் தேடினோம், ஒன்றுமில்லை.

"எவன் இதுங்களுக்கு வழி சொன்னான்?" என்றார்.

"உங்க செடிதாண்ணே கூப்பிட்டிருக்கு."

அவர் அந்த நுனியை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு பொன்னம்மாவிடம், "அந்த மருந்த அப்பறமா பாத்துக்கலாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே நாளில் தோட்டம் தேறிவிடாது, மாதக்கணக்கில் ஆகும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் காத்திருக்கத் துணிந்துவிட்டார்.

கிளம்பும்போது ஒரு பலாப்பழத்தைத் தூக்கி வந்து என் கையில் திணித்தார். தோள் இறங்கிவிட்டது. "தண்டபாணிகிட்ட குடுத்துடும்மா. நான் இன்னும் அவங்கூட பேசலன்னும் சொல்லிடு."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிமலையில் அறைகள் குறைவு, முன்னாலேயே சொல்லி வையுங்கள். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். மலையிலிருந்து மரவள்ளிக் குச்சி எதையும் ஆசையாக எடுத்து வராதீர்கள், எது கூட வரும் என்று உங்களுக்குத் தெரியாது. பழுத்த பலாவுக்கு லக்கேஜ் டிக்கெட் இருபது ரூபாய், பஸ் முழுக்க வாசனை இலவசம். மூன்று பேர் என்னிடம் சுளை கேட்டார்கள், கொடுக்கவில்லை.

கச்சிராயபாளையத்தில் தண்டபாணி வாசலிலேயே நின்றிருந்தார். பழத்தைக் கொடுத்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். "அவர் உங்ககூட இன்னும் பேசலையாம்."

அவர் பழத்தை இரண்டு கையாலும் வாங்கி, காம்புப் பக்கம் மூக்கை வைத்து மூச்சை இழுத்தார்.

"பேசலன்னா இன்னாம்மா? வாசம் வந்துட்ச்சே."