போலி என்று சொல்லி வாங்கிய மூன்று முத்தங்கள்

என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது; எந்த ர, எந்த ற என்பது இன்றைக்கும் குழப்பம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். "அந்தக் கடையிலை என்ன செய்யிறீங்கள்?" என்று கோயிலில் கேட்பவர்களுக்கு வாயால் சொல்லக் கூச்சம். எழுதினால் என் முகம் தெரியாது.

1. விளக்கு

சுவிஸில், டாவோஸ் ஊரில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிவிட்டு 2009இல் ஓல்டனுக்கு வந்தேன். பழைய இராணுவ உடுப்பு விற்கும் கடையில் துப்புரவு வேலை கிடைத்தது. இரண்டாம் உலகப்போர்க்கால ஜேர்மன் கழுத்துச் சின்னம், தோள்சின்னங்களுக்கு நல்ல விலை. அதனால் போலியும் அதிகம். என் கை நடுங்காது என்பதால் முதலாளி தையல் பிரித்துப் பார்க்கும் வேலையை எனக்குத் தந்தார்.

அந்தப் போருக்குப் பின் பரவிய நைலோன் நூல் புற ஊதா விளக்கில் பளிச்சிடும். பழைய பருத்தி நூல் மங்கலாகக் கிடக்கும். ஆனால் உண்மையான சின்னத்தை இந்தக் காலத்துச் சவர்க்காரத்தூளில் தோய்த்திருந்தாலும் பளிச்சிடும். "விளக்கு சந்தேகத்தை மட்டும்தான் சொல்லும். தீர்ப்பு உள்பக்கத்திலை இருக்கு" என்பார் முதலாளி.

இன்னொன்றும் பழக்கினார். போலி என்று சொன்னால் ஆட்கள் கோபிப்பார்கள். அதனால் முதலில் முகத்தைத் துக்கமாக்கவேண்டும், பிறகுதான் வாய் திறக்கவேண்டும்.

2. சாம்பல் கோட்டு

ஒருநாள் முதலாளி கண்காட்சிக்குப் போய்விட்டார். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சுவிஸ் அம்மா சாம்பல் கோட்டு ஒன்றோடு வந்தார். கழுத்திலும் தோளிலும் ஜேர்மன் அதிகாரியின் சின்னங்கள்.

"போன மாதம் அப்பா செத்துப்போனார். இது பரணிலை கிடந்தது. போர்க்காலத்தைப் பற்றி அவர் வாயே திறக்கிறேல்லை. ஜேர்மன்காரங்கடை படைக்குப் போனவரோ? எனக்குத் தெரியவேணும். தெரியாமல் கல்லறைக்குப் பூ கொண்டுபோக மனம் வருகுதில்லை."

விளக்கைப் பிடித்தேன். நூல் பளிச்சிட்டது. எனக்கே சந்தோசம் பொங்கியது. ஆனாலும் கேட்டேன்: "இதை ஆரும் தோய்ச்சவையோ?"

"ஓம். அம்மா எதையும் தோய்க்காமல் பெட்டிக்குள்ளை வைக்கமாட்டா."

விளக்கை அணைத்துவிட்டேன். அது இனி உதவாது.

கழுத்துச் சின்னத்தின் தையலைப் பிரித்தேன். உண்மையானதில் உள்ளே விறைப்பான கித்தான் துணி இருக்கும். இதில் கடதாசி மட்டை இருந்தது. மட்டையில் பாதி ரோசாப்பூவும் ஒரு பேக்கரி விலாசமும். அதன் கடைசியில் 4600 ஓல்டன். இந்த நாலு இலக்கத் தபால் எண் சுவிஸில் அறுபதுகளில்தான் வந்தது. தோள்சின்னத்துக்குள்ளும் அதே பேக்கரியின் கேக் பெட்டி மட்டை. கோட்டைப் புரட்டினேன், சாதாரணக் கடைக் கோட்டு.

பழக்கதோசத்தில் முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டு திரும்பினேன். அதைக் கண்டதும் அந்த அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கவேணும், எல்லாம் போலி" என்றேன். மட்டையை நீட்டினேன். அதோடு நிறக் கடதாசிப் பொட்டுகள் இரண்டு மேசையில் விழுந்தன. மாசியில் வேஷம்போட்டு மேளமடித்துத் தெருச் சுற்றும் ஃபாஸ்நாக்ட் திருவிழாவில் எறிவார்களே, அந்தப் பொட்டுகள்.

"ஃபாஸ்நாக்ட்!" என்று கத்தினார். "அப்பா மேளகாரர்! ஒவ்வொரு வருசமும் அம்மாதான் வேஷம் தைக்கிறவ! பிறகேன் நீங்கள் செத்தவீட்டுக்கு வந்தமாதிரி நிக்கிறீங்கள்?"

"இந்தக் கோட்டுக்கு மட்டும்தான் நான் சாட்சி" என்றேன்.

"எனக்கு அது போதும். இண்டைக்கே பூ வாங்கப்போறன்."

சுவிஸ் முறைப்படி என் கன்னங்களில் மாறிமாறி மூன்று முத்தம் தந்தார். நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டேன்.

வீட்டில் மனைவி விடவில்லை. "இஞ்சேருங்கோ, போலிக்கே மூண்டு எண்டால், உண்மைக்கு எத்தினை?"

மறுவாரம் அதே பேக்கரியிலிருந்து கேக் வந்தது. முதலாளி பாதியைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "பெட்டியை எறியாதை, இன்னொரு ஜெனரல் தைக்கலாம்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முகத்தை முந்தவிடாதீர்கள். மட்டையை முதலில் காட்டுங்கள். சிரிப்பதா அழுவதா என்பதைக் கோட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

வெளியில் மேளம் தொடங்கிவிட்டது. பார்க்கப் போறன்.

ஓல்டன், 28.02.2019, ஃபாஸ்நாக்ட் வியாழன்.