பிடியரிசிக் கலயம்

நான் நெய்யூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவரின் மனைவி. ஒருமுறை சம்பளம் வந்த அன்றே ஆசைப்பட்டுப் பித்தளை உருளி ஒன்றை வாங்கிவிட்டேன். மாதக் கடைசியில் அரிசி தீர்ந்துபோயிற்று. கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்களான நாங்கள் உலை வைக்கும்போதெல்லாம் வேதக்கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியை அவரவர் வீட்டுக் கலயத்தில் போட்டு வைப்போம். சம்பளம் வந்ததும் நிரப்பிவிடலாம் என்று அந்தக் கலயத்தில் கை வைத்தேன். நாலே நாளில் அது காலி.

அன்றைக்கென்று பார்த்து, மாதாமாதம் கோயிலுக்காக வீடு வீடாக அரிசி சேர்க்கும் நேசம்மாள் அக்கா முன்னதாகவே சாக்குடன் வந்துவிட்டார். வாசலில் கணவர் இருந்தார். அரிசி இல்லையென்று சொன்னால் கோயில் அரிசியைத் தின்றவள் என்று ஊரே பேசும். அடுக்களையில் அசையாமல் நின்றேன்.

அக்கா உள்ளேயே வந்து கலயத்தைப் பார்த்தார். கொதிக்கும் உலையையும் பார்த்தார்.

"அரிசி கொடுத்தாச்சா?" என்றது கணவர் குரல்.

"தந்தாச்சு, வாத்தியாரே!" என்று உரக்கச் சொன்ன அக்கா, என் காதோரம், "பிள்ளைகளுக்குச் சோறு விளம்பு, மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் மாதத்துக்கான அரிசியை வாங்கிய பிறகுதான் வேறெதற்கும் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறேன். அக்காவுக்கு வயதாகிவிட்டதால் சாக்குடன் வீடு வீடாகப் போவதும் நான்தான். கலயத்தை எடுத்துவரத் தயங்கி எவளாவது அடுக்களையிலேயே நின்றால், "தந்தாச்சு!" என்று நானே உரக்கச் சொல்லிவிடுகிறேன்.