பந்தய ஸ்பிரிங்கில் பிறந்த வீட்டுக்கு

என் வீட்டுக்காரர் கெட்டது செய்தால் நாலு திட்டு திட்டி அடக்கிவிடுவேன். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஏதாவது செய்தால்தான் எனக்குப் பயம். நல்லது செய்கிற மனுஷனை எப்படித் திட்டுவது?

அவருக்குத் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி நண்பர்களோடு சேர்ந்து கார்ப் பந்தயம் போவார். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. நேர்கோட்டில் கால் மைல் தூரம், யார் முதலில் போய்ச் சேர்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள், அவ்வளவுதான். அதற்காகவே பின்சக்கரம் இழுக்கிற பழைய கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். வீட்டில் இருந்தால் என் முகத்தைப் பார்ப்பதைவிட அதன் அடிவயிற்றைத்தான் அதிகம் பார்ப்பார். அரிசி மூட்டை ஏற்றவும், கோயிலுக்குப் போகவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும் எங்களுக்கு அதே கார்தான்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அதன் முன்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங் வந்தது. பந்தயத்துக்கென்றே செய்தது. பழையதைவிட உயரம், ஆனால் கம்பி மெலிசு. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டியின் மூக்கு எழும்பும், பாரம் முழுக்கப் பின்னால் போகும், பின் டயர் ரோட்டைக் கவ்விக்கொள்ளும் என்று நடுவீட்டில் வைத்துப் பாடம் எடுத்தார். அந்த மாதப் பந்தயம் முடிந்தது. ஸ்பிரிங் மட்டும் கழற்றப்படவில்லை.

"பந்தயத்துக்குப் போட்டத கழட்ட வேண்டியதுதானே? இன்னாத்துக்கு இன்னும் வச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டேன்.

"உனக்காகத்தாம்மா வச்சிக்கினு கீறேன். சாஃப்ட் ஸ்பிரிங்கு. பள்ளம் மேடு ஒண்ணும் தெரியாது. வளகாப்பு முடிஞ்சி கடம்பத்தூர்ல உங்கம்மா ஊட்டுக்கு மெத்த மேல உக்காந்த மாதிரி போவலாம்."

இதற்கு முன் உண்டான ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டிருந்தது. காரணம் சொல்ல முடியாது, சில சமயம் இப்படி ஆகும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் அதற்கு முந்தின வாரம் நான் குண்டும் குழியுமான ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போய் வந்திருந்தேன். வீட்டில் எல்லோர் மனசிலும் அந்த ஆட்டோதான் குற்றவாளி. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கப்புறம் என்னை ஆட்டோவில் ஏற விட்டதும் இல்லை.

என் மாமியாரை முன் சீட்டில் உட்கார வைத்துத் தெருவை மெதுவாக ஒரு சுற்று சுற்றி வந்தார். வேகத்தடை மேல் ஏறி இறங்கியதே தெரியவில்லையாம். "தொட்டில் மாதிரி கீதுடா" என்று அந்தம்மா சர்டிபிகேட் கொடுத்தார். மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினால் எந்தக் காரும் தொட்டில்தான். அதை அன்று யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். கட்டுச்சோறு அண்டா, பித்தளைப் பாத்திரம், பலகாரத் தூக்கு, வாழைத்தார் என்று டிக்கி நிறைந்து, மிச்சம் பின் சீட்டுக்கு வந்தது. அதற்கு நடுவில் என் அம்மா ஒண்டிக்கொண்டார். முன்னால்தான் ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது என்று என்னை முன் சீட்டில் வைத்தார்கள். வாசல் தாண்டிவிட்டால் பிரசவம் முடிகிறவரை அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது. தெருமுனையில் தண்ணீர் பாட்டிலை மறந்தது ஞாபகம் வந்தும் நாங்கள் திரும்பவில்லை.

ஊத்துக்கோட்டை தாண்டும் முன்பே நான் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பின்னால் அத்தனை பாரம். முன்னால் அந்த மெலிசு கம்பி. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. வளைவில் திருப்பினால் உடம்பு ஒருபக்கம் சாய்ந்து, கொஞ்சம் தாமதித்துத்தான் நிமிர்ந்தது. பிரேக்கைத் தொட்டாலே மூக்கு தரையை நோக்கிக் குனியும், விட்டால் எகிறும், இன்னொரு தடவை ஆடும். பள்ளம் தெரியவில்லை என்பது நிஜம். ரோடே தெரியாத மாதிரி மிதந்துகொண்டு போனால் பள்ளம் எங்கே தெரியும்?

"மெதுவா போங்க" என்றேன்.

"மெதுவாத்தான் போய்க்கினு கீறேன்" என்றார். அவர் குரலும் இறங்கிவிட்டிருந்தது.

சீத்தஞ்சேரி பக்கம் எங்களுக்கு முன்னால் போன கன்டெய்னர் லாரி, மாடு குறுக்கே வந்ததால் சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். மூக்கு அப்படியே கவிழ்ந்தது. பின் டயர் கிறீச்சிட்டு வால் ஒருபக்கம் விலகியது. கண்ணாடி முழுக்க லாரியின் பின்பக்க இரும்புச் சட்டம்தான் தெரிந்தது. அதன் அடியில் புகுந்துவிடப் போகிறோம் என்று நினைத்தேன். சீட் பெல்ட் அடிவயிற்றில் இறுகியது. பின்னால் அண்டா உருண்டு அம்மாவின் முழங்காலில் மோதியது. ஒரு கை அகலம் மிச்சம் இருக்கும்போது நின்றோம்.

நான் வயிற்றில் கை வைத்தேன். காலையில் வளையல் போடும்போதெல்லாம் பிள்ளை ஓயாமல் உருண்டுகொண்டிருந்தது, இப்போது அசையவில்லை. தட்டிப் பார்த்தேன். தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"அசையல" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், கால் மணி நேரந்தான்" என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்தது. மூக்கு மேலே எழும்பி, எங்களைச் சீட்டோடு சேர்த்துப் பின்னால் தள்ளியது. நேர் ரோட்டில் அது ராஜாதான். ஆனால் எதிரே வளைவு இருந்தது, ஸ்டியரிங் அவர் கையில் இலேசாக அலைந்ததை நான் பார்த்தேன்.

"யோவ், வண்டிய நிறுத்துய்யா!" கல்யாணம் ஆனதிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நிறுத்தினார். மூக்கு குனிந்து எழுந்து ஆடி அடங்கியது. நான் கதவைத் திறந்து இறங்கினேன். பின்னால் திருவள்ளூர் பஸ் வந்துகொண்டிருந்தது. கை நீட்டினேன்.

"நடு வழியில எறங்கக் கூடாதும்மா" என்று அம்மா அலறினார்.

"திரும்பத்தாம்மா கூடாது. நான் முன்னாலதான் போறேன்" என்றேன். அம்மாவும் நொண்டிக்கொண்டே என் பின்னால் ஏறினார்.

பஸ் தடதடவென்று ஆடியது. ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் ஏறியது. நான் எந்த ஆட்டோவுக்குப் பயந்தேனோ அதைவிட மோசம். ஆனால் பிரேக் போட்டால் நின்றது, திருப்பினால் திரும்பியது. உள்ளே இருக்கிறதிடம் மட்டும் கெஞ்சிக்கொண்டே வந்தேன். போன தடவை மாதிரி பண்ணாதே, அசை, ஒரு தடவை அசை என்று உதட்டுக்குள்ளேயே சொன்னேன்.

"அந்தக் கார்க்காரன் இன்னாம்மா, பஸ் பின்னாடியே வந்துக்கினு கீறான்? ஓவர்டேக்கும் பண்ணமாட்றான்" என்றார் கண்டக்டர்.

திரும்பிப் பார்த்தேன். பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். நிற்கும்போதெல்லாம் காரின் மூக்கு தாழ்ந்து எழுந்தது. டிக்கியில் என் கட்டுச்சோறும் வாழைத்தாரும்.

பூண்டி தாண்டி ஒரு பெரிய வேகத்தடை. பஸ் அதைக் கவனிக்காமல் ஏறிக் குதித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து, என் உள்ளங்கை மேலேயே, ஓங்கி ஒரு உதை விழுந்தது. கோபமான உதை. என் பிள்ளைதான், சந்தேகமில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வளையல் அத்தனையும் குலுங்க ஆட்டினேன். கண்டக்டர் கையை உள்ளே இழுக்கச் சொல்லிக் கத்தினார்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர் வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. "பஸ்ஸுல இருந்து நீ கைய ஆட்னியே, அது இன்னான்னு தெரியாமயே அம்மாந்தூரம் ஓட்டிக்கினு வந்தேன்" என்றார். நான் அவர் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன்.

வேறு யார் தொட்டாலும் பொறுக்கமாட்டாதவர், அந்தக் காரை ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் அப்படியே விட்டார். அண்டாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கடம்பத்தூர் பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் ஏறி இடம் பிடித்தார்.