புன்னைக்காயலில் காணாமல் போன ஒரு கட்டு

போன மாதம் ஒரு சனிக்கிழமை புன்னைக்காயல் போய்வந்தேன். கடல் பார்க்க அல்ல. பிளஸ் டூ பரீட்சை முடித்த பிள்ளைகளுக்கு, அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே, வேலைக்குத் தயாராவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க. என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் சரக்கு எண்ணுகிறவர்களுக்கு மேஸ்திரி. அங்கே பயிற்சிக்கு ஓர் இடம் இருந்தது. “நீங்களே ஒரு பிள்ளையைப் பாத்துச் சொல்லுங்க” என்று மேனேஜர் அனுப்பிவிட்டார்.

காலை 7.40-க்குத் திருச்செந்தூர் பஸ். ஐம்பது நிமிடத்தில் ஆத்தூர், டிக்கெட் 25 ரூபாய். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ, 150 ரூபாய்.

“பள்ளிக்கூடத்துக்கா? மவன் எதுவும் சேட்டையா அண்ணாச்சி?” என்றார் ஆட்டோக்காரர்.

“நான்தாம்லே பாடம் நடத்தப் போறேன்.”

வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். அதற்குத் தனியாக வாடகை கேட்கவில்லை.

நேரத்துக்கு வருவது, தெரியாததைத் தெரியாது என்பது எல்லாம் அரை மணி நேரம் பேசினேன். நாலு பேர் கொட்டாவி விட்டார்கள். சரி என்று வகுப்பில் கிடந்த பழைய நோட்டுப் புத்தகக் கட்டுகளை அடுக்கி, ‘இருபது கட்டு’ என்று சீட்டு எழுதி, எண்ணிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். நான் பார்க்க நினைத்தது கையெழுத்து அழகைத்தான். வரிசையாகப் போட்டார்கள்.

ஸ்டெல்லா என்ற பிள்ளை மட்டும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் அவளைக் கோயம்புத்தூர் மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வகுப்பு டீச்சர் முன்பே காதில் போட்டிருந்தார்.

“லாபம், ரெண்டு, மூணு…” கரையில் மீன் எண்ணும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். முதல் எண்ணே லாபம்தான். வகுப்பே சிரித்தது.

“பத்தொம்பதுதான் இருக்கு அண்ணாச்சி.”

“லாபத்த விட்டுட்டா, அதான் ஒண்ணு கொறையுது!” என்றான் பின்வரிசைப் பையன்.

“லாபத்தச் சேத்துத்தாம்லே பத்தொம்பது” என்றாள் அவனிடம்.

“ஏளா, அடுக்குனவன் நான். போடு கையெழுத்த” என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். “இல்லாததுக்குப் போட மாட்டேன். நீங்களே எண்ணிக்கோங்க.”

எண்ணினேன். பத்தொன்பது. இருபதாவது கட்டு, நான் கால் வைத்துக்கொள்ள வசதியாக என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது! தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேனேஜருக்கு அங்கேயே போன் போட்டு அவள் பெயரைச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: மதியம் திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், கூட்டிவந்த ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்தப் போகிறீர்களா? பேச்சைக் குறைத்து, கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

ஸ்டெல்லா இப்போது எங்கள் கிடங்கில். வந்த முதல் வாரமே என் சீட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். அவள் எண்ணிக்கைதான் சரி.